என் இடுப்புக்குப் புஷ் போடாத டாக்டருக்கு

டாக்டரே, உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எங்களிடம் மறைத்தீர்கள்.

நான் ராயபுரத்துக்காரன். முப்பது வருடம் விசைப்படகுகளுக்கு எஞ்சின் பிட்டராக இருந்தவன். எங்கள் பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: எஃகுத் தண்டு சுற்றும் இடத்தில் எஃகை வைக்காதே, நடுவில் புஷ் என்கிற வெண்கல உறையைப் போடு. ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் இரண்டும் கடித்துக்கொண்டு நாசமாகும். புஷ் தேயும். தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

என் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று சொன்ன அன்று, மேசைமேல் இரண்டு மூட்டுகளை வைத்தீர்கள். ஒன்றில் உலோக உருண்டை. அது உட்காரும் கிண்ணம் வெள்ளை பிளாஸ்டிக். இன்னொன்றில் உருண்டையும் உலோகம், கிண்ணமும் உலோகம்.

“இன்னா சார், ரெண்டும் ஒரே மெட்டலா? நடுவுல புஷ்ஷு இல்லியா?” என்று கேட்டேன்.

சிரித்தீர்கள். “பிளாஸ்டிக் எல்லாம் உட்கார்ந்திருக்கிற கிழவங்களுக்கு. நீங்க உழைக்கிற ஆளு. இது உங்க ஆயுசுக்கும் தேயாது.”

அதில் விழுந்தேன். பிளாஸ்டிக் என்றால் எனக்கு வாளி, குடம். என் உடம்புக்குள் வாளியா என்ற திமிர். எந்தப் படகிலும் செய்யாததை என் இடுப்பில் செய்யவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது, மறுக்கவில்லை.

முதலில் நன்றாகவே நடந்தேன். மாதா கோயில் மைதானத்தில் வருடாவருடம் நீங்கள் நடத்தும் இலவச முகாமில் என்னை மேடை ஏற்றினீர்கள். “பாருங்க, எப்படி நடக்கிறாரு!” என்று மைக்கில் சொன்னீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன். கைதட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக் கிரேன் டிரைவர், என் தோஸ்து, உங்களிடம் வந்து அதே மூட்டைப் போட்டுக்கொண்டான்.

சில வருடத்தில் என் இடுப்பு சத்தம் போட ஆரம்பித்தது. “இன்னா மாமு, துருப்புடிச்ச கேட்டு மாதிரி கத்திகினு கீது? கிரீஸ் வெக்கட்டா?” என்று அவன்தான் கிண்டல் செய்தான். பிறகு தொடை இடுக்கில் வலி. உங்களிடம் வந்தேன். தசைப்பிடிப்பு என்றீர்கள்.

வேறு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அதில் கோபால்ட் எக்கச்சக்கம். உருண்டையும் கிண்ணமும் உரசி உதிர்ந்த உலோகம். திறந்து பார்த்தால் உள்ளே கறுப்புக் குழம்பாம். “எஞ்சின்லேந்து எறக்கின பழைய ஆயில் மாதிரியா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார் அந்த டாக்டர். சுற்றியிருந்த சதையும் செத்துப்போயிருந்தது. இப்போது எனக்குள் பீங்கான் உருண்டை, பிளாஸ்டிக் கிண்ணம். தடி இல்லாமல் தெருமுனைக்குப் போக முடியாது.

அந்த மூட்டு பழுது என்று அதைச் செய்த கம்பெனியே திரும்பப் பெற்று, நோயாளிகளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லி, அதைப் போட்ட டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பி வருடங்கள் ஆகின்றன என்பதையும் அந்த டாக்டர்தான் சொன்னார்.

இப்போது என் தோஸ்தின் இடுப்பில் அதே சத்தம். கிரேன் ஏணியில் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. ரத்தம் கொடுத்துப் பார் என்று கெஞ்சுகிறேன்.

“சும்மா பேஜார் பண்ணாத மாமு. டாக்டரே தசைப்பிடிப்புனு சொல்லிட்டாரு. அன்னிக்கு மேடையில நடந்து காட்டுனது நீதானே?” என்கிறான்.

நடந்து காட்டியது நான்தான். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முகாம். அதே மேடை, அதே மைக். அவனை இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்ததா, இல்லையா? வந்தது என்றால் எங்களில் ஒருவரையும் ஏன் கூப்பிட்டுச் சொல்லவில்லை? தனியாக அறைக்குள் அழைத்துப் பேச வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.