நாலாவது ஆள்

சுருளிராஜன் என் சின்னம்மா மகன். கூடலூர்க்காரன். அரசாங்க ஆஸ்பத்திரியில முப்பது வருசம் ரத்தம் சோதிச்சு ரிட்டயர் ஆனவன். ரத்தம் சோதிக்கிறவுகளுக்கு லைசென்ஸ் கொடுக்குற போர்டுல அவனை மெம்பராப் போட்டப்ப எங்க வகையறாவே திரண்டு போய் மாலை போட்டுச்சு. எல்லாரையும் விடச் சந்தோசப்பட்டவ அவன் தங்கச்சி பஞ்சம்மாள். அவ மக யுவராணி கோட்டயத்துல அந்தப் படிப்பைத்தான் முடிச்சிருந்தா. வெளி மாநிலத்துல படிச்சவுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமான்னு போர்டு கூடித்தான் முடிவு பண்ணணும். தாய்மாமனே அங்கன இருக்கான், பிறகென்ன கவலை?

மாமன் இருந்ததுதான் வினையாப் போச்சு. போர்டுக்கு ஏழு நாற்காலி. அதுல மூணுக்கு ஆளே போடலை. நாலு பேர் உக்காந்தாத்தான் கூட்டம் செல்லும். சொந்தக்காரவுக விசயம் வந்தா மெம்பர் எந்திரிச்சு வெளிய போயிரணும், அதுவும் சட்டம். மூணு மாசத்துக்கு ஒருக்கச் சென்னையில கூட்டம். யுவராணி பேரைச் செயலாளர் வாசிப்பாக. இவன் எந்திரிச்சு வராண்டா பெஞ்சுல போய் உக்காருவான். உள்ள மூணே பேர். ஆள் பத்தலைன்னு ஃபைலைக் கட்டி வச்சுட்டு இவனைக் கூப்பிடுவாக. அடுத்த பேரை வாசிப்பாக. இப்படியே ஆறு கூட்டம். அவ கூடப் படிச்ச தேவாரம் ஊர்ப் பிள்ளை, போர்டுல மாமன் இல்லாத புண்ணியத்துல, முதக் கூட்டத்துலயே லைசென்ஸ் வாங்கி இப்ப கவர்மெண்டு வேலையில இருக்கு.

ஆனி மாசத்தோட சுருளிராஜன் பதவிக்காலம் முடியுறதா இருந்துச்சு. அவன் இடத்துக்குத் திண்டுக்கல் அம்மா ஒருத்தக வரத் தயாரா இருந்தாக. பஞ்சம்மாள் மகளைக் கூட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனா. நானும் போனேன்.

"மாமா, இன்னொரு தரம் பதவி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துருங்க. எனக்கு அது போதும்."

அந்தப் பிள்ளைக்குக் காது குத்துனது இவன் மடியில வச்சு. சரி ஆத்தா, எழுதிக் கொடுத்துர்றேன்னான்.

சென்னையில போய் எழுதிக் கொடுத்தது வேற. இன்னொரு தரம் இருந்தா துணைத் தலைவர் பதவி உங்களுக்குத்தான்னாகளாம். மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுச் சால்வையோட வந்து இறங்குனான். நான் இல்லாட்டி போர்டே நடக்காதுண்ணேன்னு என்கிட்டச் சொன்னான். பஞ்சம்மாள் அன்னையில இருந்து அவன் வாசல் மிதிக்கலை.

யுவராணி உள்ளூர் லேபுல சேர்ந்தா. சம்பளம் டோக்கன் எழுதுறதுக்கு. ரத்தம் எடுக்குறதும் அவதான். கையெழுத்து மட்டும் லைசென்ஸ் உள்ள ஞானசிகாமணி போடுவாரு.

போன தையில சுருளிராஜனுக்குச் சர்க்கரை பார்க்கணும்னு டாக்டர் எழுதிட்டாக. வெறும் வயித்தோட வந்தான், துணைக்கு நான். நாற்காலியில உக்காந்து சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டுனான். அவ ஊசியைத் தொடலை.

"லைசென்ஸ் உள்ளவுக வந்துதான் எடுக்கணும். வெளிய பெஞ்சுல உக்காருங்க."

மாமான்னு சொல்லலை.

"எப்ப வருவாரு?"

"ஆள் வந்ததும் கூப்பிடுவோம்."

பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தான். ஞானசிகாமணி வரலை. அதுக்குள்ள நாலு பேர் உள்ள போய், முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கிக்கிட்டு வெளிய வந்தாக. அவனும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான்.