என் கொழுந்தை எனக்கே ஊற்றிய கதை

கனடாவில் எங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் கோழிக்கும் மீனுக்கும் நடுவே ஒரு ஐஸ் கட்டி இருக்கும். அதற்குள் என் கிரெடிட் கார்ட் படுத்திருக்கிறது. வைத்தவள் என் மனைவி. ஒரே வங்கியில் என் பெயரில் இரண்டு கார்ட்கள். ஒன்றின் லிமிட் பன்னிரண்டாயிரம் டாலர், மற்றது ஆயிரத்து ஐந்நூறு. பெரியதைக் கையில் வைத்துக்கொண்டு நான் போன குளிர்காலத்தில் பனி அள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். நாங்கள் குடியிருப்பது ஏழாவது மாடி. அன்றைக்கே அவள் கார்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு உறையவைத்துவிட்டாள். ஆசை வந்தால் கட்டி உருகும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் புத்தி வந்துவிடும் என்பது அவள் கணக்கு. புத்தி வந்ததாக இதுவரை தகவல் இல்லை. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுந்து போய்த் தங்கள் ஃப்ரீசரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சின்னக் கார்டோடுதான் இந்த வருடம் இலங்கையில் பொகவந்தலாவைக்குப் போனேன். பாக்கியம் அக்கா, என் உடன்பிறந்தவள், இன்னும் நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். முழங்கால் இரண்டு வருடமாக மடங்குவதில்லை. சரிவில் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறுகிறாள். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் மூட்டு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். திடீரென்று அங்கிருந்து அழைப்பு: நாளைக் காலை ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதை விட்டால் டாக்டர் வெளிநாடு போய்த் திரும்ப நான்கு மாதம் ஆகும். முன்பணம் கனடா டாலரில் மூவாயிரத்துச் சொச்சம். என் பையில் இருந்த கார்ட் அதில் பாதியைக்கூடத் தாங்காது. சேமிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் பனி இயந்திரம் வாங்கியவன். மனைவி தொலைபேசியில், “இப்பவே உருக்கிடுறேன்,” என்றாள். உருக்கலாம். உருக்கிய கார்ட் விடிவதற்குள் பொகவந்தலாவைக்கு வந்து சேராது. அவள்தான் பிறகு யோசித்துச் சொன்னாள்: “அந்த லிமிட்ட இந்தக் கார்டுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. ஒரே பேங்க்தானே.”

தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பக்கத்தில் மட்டும். மாலை நாலரை மணி, கனடாவில் காலை ஏழு. பெண்கள் சாக்குகளோடு தராசுக்கு வரிசையில் நின்றார்கள். அக்காவின் சாக்கு சப்பையாக இருந்தது. பின்னால் நின்ற மேரி, அக்காவோடு கொழுந்து எடுப்பவள், தன் சாக்கைச் சாய்த்து இரண்டு கை கொழுந்தை அதில் ஊற்றினாள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். அதனால் கூடுதலாக எடுத்தவள் குறைந்தவளுக்கு ஊற்றுவாள், இன்னொரு நாள் இவள் அவளுக்கு ஊற்றுவாள். பள்ளி விடுமுறையில் நான் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனபோது இப்படி ஊற்றி ஊற்றியே என்னை முழுப்பேர்க்காரனாக்கியவள் அக்கா. அப்போதும் நான் மலையில் உட்கார்ந்து கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எடை குறிக்கும் கணக்கப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். மொத்த எடை மாறாதவரை அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வங்கியில் பேசிய பெண்ணிடம் என் வேண்டுகோளைச் சொன்னேன். முடியும் என்றாள். இரண்டும் என் பெயரில் இருப்பதால் மாற்றலாமாம், மொத்தம் கூடாததால் புதிதாக என் யோக்கியதையைச் சோதிக்கத் தேவையில்லையாம். அந்தக் கணத்தில் அவள் எனக்குக் கணக்கப்பிள்ளையின் மகளாகத் தெரிந்தாள். பெரிய கார்டில் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும் என்றாள். ஆயிரத்தை விடச் சொன்னேன். இந்த நேரம் பார்த்து அக்கா என் காதருகே வந்து, “பயப்படாமக் கேளுடா! நல்லாச் சத்தமாக் கேளு!” என்று கத்தினாள். மறுமுனையிலிருந்து மிக மெதுவாக ஒரு கேள்வி: “சார், யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தி இந்த அழைப்பைச் செய்ய வைக்கிறார்களா?” ஆமாம், என் அக்கா, நாற்பது வருடமாக என்றேன்.

கனடா வங்கியோடு பகிடி விடக் கூடாது. இருபது நிமிடம் இசை கேட்கவைத்தார்கள். இன்னொருவர் வந்து நான் எந்த நாட்டில் நிற்கிறேன், சுற்றிலும் யார், ஏன் இவ்வளவு பெண் குரல்கள் என்றெல்லாம் விசாரித்தார். தேயிலை நிறுக்கிறார்கள் என்ற உண்மையைச் சொன்னேன். பகிடியைவிட அதை நம்ப அவருக்குச் சிரமமாக இருந்தது. போன மாதம் எங்கே, என்ன வாங்கினேன் என்று கேட்டார். ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன், ஊரார் முன்னால் பாவமன்னிப்புக் கேட்பவன் போல. கடைசியில் நாளைக் காலைக்குள் மாறிவிடும் என்றார்.

“யாரு கொழுந்த ஊத்தச் சொன்ன?” என்றாள் அக்கா.

“என்னோடதத்தான்.”

“ஒன் கொழுந்த ஒனக்கே ஊத்தவா இவ்வளவு நேரம் கெஞ்சுன?” மேரி வாயைப் பொத்திச் சிரித்தாள். அக்கா விடவில்லை. “சரி, அது ஒன் காசா?”

“இல்லக்கா. பேங்க் காசு. அவ்வளவு வரைக்கும் எடுக்கலாம்னு விட்டிருக்காங்க.”

“அப்ப சாக்குதான் பெருசு. கொழுந்து இன்னும் எடுக்கல.”

பதினைந்து வருடமாக ‘கனடாத் தம்பி’ என்று எங்கள் வரிசை வீட்டு லயமே கூப்பிட்ட மனிதனை அவள் ஒரு வாக்கியத்தில் தராசில் போட்டு நிறுத்துவிட்டாள். நான் மாதா மாதம் சம்பளத்தில் எடுத்து நிரப்பிவிடுவேன் என்றேன். “நீயா?” என்று மேலும் கீழும் பார்த்தாள். என் சிறுவயது கொழுந்தெடுப்பு அவள் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். கண்டிக்குப் போகமாட்டாள் என்றே நினைத்தேன். சாக்கைத் தராசில் மாட்டினாள், முழுப்பேர் விழுந்தது. திரும்பி மேரியைப் பார்த்தாள்.

“இவளுக்கு நான் எவ்வளவோ ஊத்தணும். இந்தக் கால வச்சிக்கிட்டு எப்ப ஊத்துறது? வர்றேன்டா. ஆனா ஒன் பொண்டாட்டிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு.” யோசனை சொன்னதே அவள்தான் என்றேன்.

மறுநாள் காலை கண்டியில், பணம் கட்டும் இடத்தில் கார்டைக் கொடுத்தேன். அந்தச் சிங்களப் பெண் இயந்திரத்தில் செருகிவிட்டு என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு வரிகள்: ரூபாயில் கட்டுகிறீர்களா, கனடா டாலரிலா? அங்கே ஒரு காப்பி வாங்கினாலும் ரூபாயாக மாற்றிப் பார்த்து வயிறெரிபவன் நான். இங்கே ஒரு வடை வாங்கினாலும் டாலராக மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். இரண்டில் எது உன்னுடையது என்று இதுவரை எந்த இயந்திரமும் இப்படி நேராகக் கேட்டதில்லை. விரலைத் தூக்கியபடி நின்றேன். பின்னால் வரிசை நீண்டது.

“என்னாடா யோசிக்கிற? ஏதாச்சும் ஒன்ன அமுக்கு, கால் நோகுது,” என்ற அக்கா, சக்கர நாற்காலியிலிருந்து எட்டித் தானே ஒன்றை அமுக்கிவிட்டாள். எதை என்று நான் பார்க்கவில்லை. பணம் போய்விட்டது. ஒரு தாதி வந்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. மேலே ரூபாய்த் தொகை, அதன் கீழே டாலர்த் தொகை, இரண்டுக்கும் கீழே கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு.