நொண்டி யாப்பில் ஒரு வசை

வெசிலியாவுக்குப் பிறவியிலேயே இடது கால் சற்றுக் குட்டை. ரோமில் விருந்து நடக்கும் வீடுகளுக்குப் போய் யாழ் மீட்டிப் பாடுவது அவள் தொழில். அடிமையாக இருந்தபோது கற்றது. விடுதலை கிடைத்த பிறகும் அதுவே கைகொடுத்தது. காதலையும் மதுவையும் வசந்தத்தையும் பற்றிக் கவிஞர்கள் யாழுக்கென்றே எழுதும் மெல்லிய பாட்டுகள் அவள் குரலில் அழகாக உட்காரும். யாழ் நரம்பு திரிக்கும் நிகியாஸைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஒருமுறை அஃபீனியஸ் என்ற கவிஞன், ஒரு விருந்தில் தன் புதுப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டான். அங்கே வேறொருவர் பாட்டுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாக அவள் சொல்ல, அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் வசைக்கவி எழுதினான். வசைக்கென்றே உள்ள யாப்பில் ஒரு வகை உண்டு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் தாளம் கால் இடறி விழும். நொண்டி யாப்பு என்றே அதற்குப் பெயர். அதில் அவளை வாத்து என்றான், அச்சு முறிந்த வண்டி என்றான். குளியல் மண்டபத்திலும் நாவிதன் கடையிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நிகியாஸ் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெசிலியா அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். அன்றைக்கு அவள் அழத்தான் செய்தாள். ஆனால் அழுது முடித்தபோது பாட்டு அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அடுத்த விருந்து கல்வீனுஸ் வீட்டில். அஃபீனியஸும் வந்து, வீட்டுக்காரருக்குப் பக்கத்துச் சாய்கட்டிலில் விருந்துக்குச் சாய்ந்திருந்தான். என்ன பாடப் போகிறாள் என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"புதுசு ஒண்ணுங்க ஐயா. எழுதினவரு அதோ, உங்க பக்கத்துலதான் சாஞ்சிருக்காரு."

யாழைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சாய்கட்டில்களைச் சுற்றி நடந்தபடியே அந்த வசையைப் பாடினாள். அடி இடறும் ஒவ்வோர் இடத்திலும் அவள் குட்டைக் கால் தரையில் சரியாக விழுந்தது. முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. இரண்டாம் முறை பாடும்போது எல்லோரும் கட்டிலில் தாளம் தட்டினார்கள்.

பாடி முடித்ததும் அஃபீனியஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாதும்மா" என்றான்.

"கால் என்னோடதாச்சே. அதான் தாளம் தப்பல."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். அவளும் வாங்கிக் குடித்தாள்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பாட்டைக் கேட்காமல் விட மாட்டார்கள். வசை எழுதும் மற்றக் கவிஞர்கள்கூட, தங்களுடையதைப் பாடச் சொல்லி அவளைத் தேடி வந்தார்கள். நிகியாஸுக்கு மட்டும் கோபம் ஆறச் சில மாதம் பிடித்தது. ஒருநாள் நரம்பு திரித்துக்கொண்டே அவன் தன்னையறியாமல் அந்த வாத்து அடியை முணுமுணுத்ததைக் கேட்டு, வெசிலியா பிசைந்துகொண்டிருந்த மாவோடு சுவரில் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள்.