சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் தனக்குத் தானே சாப்பாடு சொல்லிக்கொள்ளக் கூடாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ன சொல்கிறானோ அதுதான் தட்டில் வரும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தலையெழுத்தே என்று சாப்பிட்டு முடிக்க வேண்டியதுதான்.

சட்டம் வரக் காரணம் கிளார்க். பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்துப் பார்த்து, மெனு அட்டையைக்கூட வில்லங்கம் தேடுவதுபோல வரிவரியாகப் படிப்பார். சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீம் வரைக்கும் போவார். அங்கே ஏதோ சந்தேகம் வந்து மறுபடியும் சூப்புக்கே திரும்புவார். ஒருநாள் வேன் டிரைவர் பசி தாங்காமல் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, "இவனுக்கு ரெண்டு ரொட்டி, ஒரு கோழி. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன், நீ கொண்டா" என்று சர்வரிடம் சொல்லிவிட்டார். கிளார்க் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சொன்னார். அன்றைக்கே அது சட்டமாயிற்று.

அந்த நால்வரைச் சேர்த்து வைத்தது ஒரு லிப்ட். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு கடைக் கட்டடத்தில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அது நின்றுபோனது. உள்ளே முன்பின் தெரியாத மூன்று பேர்: கண்ணாடிக் கடைக்காரர், கிளார்க், பள்ளிக்கூட வேன் ஓட்டும் டிரைவர். லிப்ட் மெக்கானிக் வந்து, மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கிக் கதவைத் திறப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே வந்த டிரைவர் நன்றி எதுவும் சொல்லவில்லை.

"அண்ணே, பக்கத்துல நல்ல ஹோட்டல் எது?" என்றார்.

எதிர்வரிசையிலேயே இருந்தது. மெக்கானிக்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை, ஜன்னலோர மேசை. கல்யாணம், சாவு, வெள்ளம் எதுவும் அதை அசைக்கவில்லை. மெக்கானிக்குக்கு 'லிப்ட்' என்ற பெயரும் அங்கேதான் ஒட்டியது.

லிப்ட்டுக்கு அந்த ஞாயிறு எவ்வளவு முக்கியம் என்பது அவர் கையைப் பார்த்தால் தெரியும். மற்ற நாளெல்லாம் நகக்கண்ணில் கிரீஸ். மெஷின் அறையிலேயே நின்றபடி டிபன் டப்பாவைக் காலி செய்வார். என்ன சாப்பிட்டோம் என்று இறங்கும்போது ஞாபகம் இருக்காது. இரண்டாவது ஞாயிறன்று மட்டும் மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, ஹோட்டல் தொட்டியில் மறுபடியும் ஒருமுறை கழுவி, கையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்காருவார். அவருக்கு இடப்பக்கம் டிரைவர். டிரைவர் வேறு எதையும் யோசித்ததே கிடையாது. "இவனுக்கு மீன்" என்பார். பொரித்த மீன் முழுசாக வரும். லிப்ட் அதை எலுமிச்சை பிழிந்து, முள்ளை ஓரமாக அடுக்கி, அவசரமே இல்லாமல் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரர்கள் சர்வரைக் கூப்பிட்டு, "அவர் சாப்பிடறாரே, அது ஒண்ணு" என்பார்கள். லிப்ட்டுக்கு வலப்பக்கம் கண்ணாடிக்காரர். அவருக்குச் சொல்வது லிப்ட்டின் பொறுப்பு. ஆள் ஒல்லி, ஆனால் ஆனைப் பசி.

போன வருஷம் லிப்ட்டின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள், முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது. விழுங்குவது போய்விட்டது. எது உள்ளே போனாலும் மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லி, வயிற்றில் நேராக ஒரு குழாயை வைத்துவிட்டார் டாக்டர். இனிமேல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய சிரிஞ்சில் மாவுக் கரைசல். பேச்சு இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக.

"மாடி மாடியா ஏத்தி எறக்கற வேலையெல்லாம் இல்ல, சரக்கு நேரா நடுமாடியிலயே எறங்குது" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் மனைவியைப் பார்த்தார்கள்.

வீட்டில் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் நின்றுபோனது. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றவாறே எதையோ விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். மகள் போனில் பேசும்போதுகூட "சாப்ட்டீங்களா" என்று ஆரம்பித்து, பாதியில் வார்த்தையை மாற்றுவாள். எட்டு மாதமாக அவர் முன்னால் ஒருவரும் ஒரு பிஸ்கெட்டைக் கடித்ததில்லை. தனக்குச் சாப்பிட முடியவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. உலகமே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது போலிருந்ததுதான் பழகவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை நான் ஹோட்டலுக்குப் போறேன்" என்றார் ஒருநாள்.

"அங்க போயி என்ன பண்ணப் போறீங்க?"

"உக்காரப் போறேன்."

"ஏங்க, எதுக்குங்க இந்த வேதனை?"

"வேதனை எனக்கா உனக்கா?"

அவள் சிரிஞ்சை எடுத்து வந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டியதைப் பதினொன்றரைக்கே கொடுத்து, சட்டைக்குள் குழாயை மடித்து ஒட்டி அனுப்பினாள்.

ஊருக்கெல்லாம் லிப்ட் போட்டவர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. நின்று நின்று இறங்கினார். கீழே வேனோடு டிரைவர் காத்திருந்தார். உள்ளே கண்ணாடிக்காரரும் கிளார்க்கும். கைதாங்கலாக ஏற்றினார்கள். எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள்.

ஹோட்டல் வாசலில் இறங்கியதுமே வாசனை வந்தது. காய்ந்த எண்ணெய், வெங்காயம், கரி அடுப்பு. லிப்ட் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். நாக்கில் ருசி போய்விட்டது என்றாலும் மூக்கை யாரும் தொடவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

பழைய சர்வர் ஓடி வந்தார். "சார், எவ்ளோ நாளாச்சு! எளைச்சுட்டீங்களே!" நோட்டை எடுத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். "சாருக்கு?"

"மீன்" என்றார் டிரைவர்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "இல்ல, அது வந்து, வேணாம்" என்று இழுத்தார்.

"ஏன் வேணாம்? சட்டம்னா சட்டம்தான். சொன்னது சொன்னதுதான்" என்றார் லிப்ட். எட்டு மாதத்தில் அவருக்கென்று ஒருவர் வாய் திறந்து சாப்பாடு கேட்டது அதுதான் முதல்முறை. "என் முறை இப்ப. கண்ணாடிக்கு ஒரு முழுச்சாப்பாடு, வறுத்த கோழி, ரெண்டு முட்டை."

கண்ணாடிக்காரர் எச்சிலை விழுங்கினார். கிளார்க்குக்கு அவர் ஒரு சூப் சொன்னார். டிரைவருக்குக் கிளார்க் ஒரே ஒரு ரொட்டி சொன்னார்.

"ஒரு ரொட்டியா? அவன் பல்லுக்குள்ள ஒட்டுறதுக்கா?" என்றார் லிப்ட்.

"வயசாகுதில்ல" என்றார் கிளார்க், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே.

பெட்டிக்குள் எத்தனை ஆள் ஏறியிருக்கிறார்கள் என்பதை மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர் லிப்ட். அதிகப் பாரம் ஏறினால் முனகல் தனியாகக் கேட்கும் என்பார். இப்போது அவர் கண் டிரைவரின் பெல்ட்டில் நின்றது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு துளை தளர்த்துவது டிரைவரின் வழக்கம். இன்று சாப்பாடு வருவதற்கு முன்னாலேயே தளர்ந்திருந்தது.

தட்டுகள் வந்தன. கண்ணாடிக்காரர் கோழியைத் தொட்டார்; சோற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார்; தண்ணீர் குடித்தார். நெற்றியில் வியர்வை.

"டேய்," என்றார் லிப்ட் மெதுவாக. "மூணு பேரும் வீட்லயே சாப்ட்டுட்டு வந்துட்டீங்களா?"

யாரும் நிமிரவில்லை.

"கேக்கறேன்ல?"

"பதினோரு மணிக்கே சாப்ட்டோம்" என்றார் கிளார்க். குற்றம் ஒப்புக்கொள்கிற குரல். "இங்க வந்தா பசிக்கக் கூடாதுன்னு. நீ பாத்துகிட்டு உக்காந்திருக்கறப்ப நாங்க எப்பிடிடா..."

"யார் யோசனை?"

"என்னுதுதான்" என்றார் டிரைவர்.

லிப்ட்டுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இந்த மூன்று முட்டாள்களும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பசியே இல்லாமல், அவருக்காக வீட்டில் உட்கார்ந்து வாயில் அள்ளித் திணித்திருக்கிறார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

"எட்டு மாசமா ஒரு மனுசன் சாப்பிடறத நான் பாக்கலடா," என்றார். "வீட்ல அவ கதவச் சாத்திக்கிட்டு சாப்பிடறா. நான் எனக்குச் சாப்பாடு கேட்டா வந்தேன்? நீங்க சாப்பிடறதப் பாக்கத்தானே வந்தேன். சாப்பிடுங்கடா, புண்ணியமாப் போகும்."

"சரிடா, சாப்பிடறோம்" என்றார் கண்ணாடிக்காரர்.

லிப்ட் தன் முன்னால் ஆவி பறந்த மீனை இழுத்து வைத்து எலுமிச்சையைப் பிழிந்தார். விரல் சுட்டது. முள்ளை எடுத்து ஓரமாக அடுக்கினார், எப்போதும்போல. வெள்ளைச் சதையை உதிர்த்து டிரைவரின் தட்டில் வைத்தார். டிரைவர் அதை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணாடிக்காரரும் ஒரு கவளம் போட்டுவிட்டு, கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழித்தார். கிளார்க் சூப்புக் கரண்டியை வாய்வரை கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கிண்ணத்திலேயே இறக்கினார். வயிற்றில் இடமில்லை, நெஞ்சிலும் ஏதோ அடைத்துக்கொண்டது. அந்த மேசையில் இப்போது விழுங்க முடியாதவர்கள் நான்கு பேர்.

டிரைவர் சட்டென்று எழுந்து கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பாமல் நின்றார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

சர்வர் வந்து தட்டுகளைப் பார்த்தார். "சார், சமையல்ல ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நல்ல வாசனையா இருக்கு" என்றார் லிப்ட்.

வேனில் ஏறும்போது கிளார்க் அவர் தோளில் கை வைத்தார். "அடுத்த மாசம் நாங்களே உன் வீட்டுக்கு வந்துடறோம்டா. படியேறி எறங்கி நீ எதுக்கு அலையணும்?" மற்ற இருவரும் முந்திக்கொண்டு தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகத் தெளிச்சி வந்தது. அதைப் பார்த்த பிறகு லிப்ட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. "சரி" என்றார்.

அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்குள் அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார். மனைவியை இரண்டு நாள் கெஞ்சினார். முதலில் மறுத்தாள், பிறகு அழுதாள். கடைசியில் ஞாயிறு காலையில் இறங்கிப் போய் மீன் வாங்கி வந்தாள். எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியது. அவர் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் தீயக் கொற" என்றும், "திருப்பிப் போடு" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க சும்மா இருந்தாலே மீன் வெந்துரும்" என்றாள் அவள். பாதி சிரிப்பாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு மூவரும் வந்தார்கள். கூடத்தில் நாற்காலிகளில், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்போல விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, தட்டு வைக்கறேன். கை கழுவிக்கங்க" என்றாள் மனைவி.

"ஐயோ தங்கச்சி, இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்றார் டிரைவர்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் வயிறு அந்தக் கூடமே கேட்கும்படி உறுமியது. யாரும் கேட்காததுபோல மின்விசிறியைப் பார்த்தார்கள். டிரைவரின் பெல்ட் இறுக்கமாக இருந்தது. போன மாதம் பசியில்லாமல் வந்து சாப்பிடுவதாகச் சொன்னவர்கள், இந்த மாதம் பசியோடு வந்து சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். லிப்ட்டுக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மூவரும் தலைகுனிந்து தட்டின் முன் உட்காருவார்கள், அவருக்காக அள்ளி அள்ளி வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பார்கள். அந்த முகங்களை இன்னொரு முறை பார்க்க அவரால் ஆகாது.

"ஒரு வாயாவது..." என்றாள் மனைவி.

"விடும்மா. வற்புறுத்தாத" என்றார்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆபீசில் புது அதிகாரி வந்ததைப் பேசினார்கள். ஒன்றேகாலுக்கு மூவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். "ரெஸ்ட் எடுடா, அடுத்த மாசம் வர்றோம்" என்று படியிறங்கினார்கள். போகும் வேகத்தில் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது.

லிப்ட் பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வேன் கிளம்பியது. தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் அவர்கள் வீடுகள். இடப்பக்கம் திரும்பினால் ஹோட்டல். வேன் முனையில் ஒரு நொடி தயங்கியது. பிறகு இடப்பக்க விளக்கு மினுக்கியது.

திட்ட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பாவிகள், ஒன்றரை மணிவரைக்கும் பட்டினி.

"எந்தப் பக்கம் போறாங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வீட்டுப் பக்கந்தான்."

"அப்ப நெஜமாவே சாப்ட்டுட்டுத்தான் வந்திருக்காங்க" என்றாள் அவள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, சிரிஞ்சைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.