கணினி எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தவர்

சனிக்கிழமை காலை, விட்பி நகரில் எங்கள் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது, தயாபரன் அண்ணையின் மகள் துளசி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அன்ரி, அப்பா செத்துப்போயிட்டார்." மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வரமுன்னமே எல்லாம் முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம். திங்கட்கிழமை அவரோடு சண்டை பிடிக்க ஒரு விஷயம் வைத்திருந்தேன். இனி யாரோடு பிடிப்பது?

தயாபரன் அண்ணையை உங்களில் பலருக்கு, வோபர்ன் பக்கம் கோயிலில் மைக் இரைந்தால் கூப்பிடுகிற ஆளாகத் தெரியும். எனக்கு அவர் பிறம்ரனில், ஒரு பண்டகசாலைக் கம்பனியின் கணினிப் பிரிவில், பக்கத்து மேசைக்காரர். மட்டக்களப்பு மனிதர். பிறகு என்பதற்கு வாய்க்கு வாய் "மறுகா" என்பார். யாழ்ப்பாணத்துக்காரி நான் நக்கலடிப்பேன். "மறுகா என்ன தங்கச்சி?" என்று அதற்கும் அதையே சொல்லுவார்.

அவருடைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் இருந்தது. அதிலொன்றும் புதுமையில்லை. அதை அவர் வைத்திருந்த விதம்தான் என்னை வாய்பிளக்க வைத்தது. நாங்களெல்லாம் புதுக் கணினி வாங்கினால் அங்கே அமத்தி, இங்கே தெரிவுசெய்து, எப்படியோ ஒப்பேற்றுவோம். பிறகு என்ன செய்தோம் என்று எங்களுக்கே தெரியாது. அண்ணை எதையும் கையால் மாற்றமாட்டார். எழுத்து எவ்வளவு பெரிது, எந்தத் தமிழ் விசைப்பலகை, எந்தெந்தச் செயலிகள் என்று எல்லாவற்றையும் சில கோப்புகளில் எழுதிவைப்பார். பிறகு ஒரேயொரு கட்டளை. கணினி அதை வாசித்து, தன்னைத் தானே அப்படி ஆக்கிக்கொள்ளும். "என்ன செய்யவேணும் எண்டு சொல்லாதீங்க. எப்படி இருக்கவேணும் எண்டு சொல்லுங்க. மிச்சத்த அது பாத்துக்கொள்ளும்," என்பார்.

பார்த்த ஆசையில் நானும் அவரைப்போல என் கணினியை மாற்றினேன். ஆனால் பொறுமை எங்கே இருக்கிறது எனக்கு? விசைப்பலகை சரிவரவில்லை என்று ஒருநாள் கோப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே கைவைத்துத் திருத்தினேன். அடுத்தமுறை கட்டளை கொடுத்ததும் என் திருத்தமெல்லாம் துடைத்தெடுத்தாற்போலப் போய்விட்டது. அலுவலகத்திலேயே கத்தினேன். அண்ணை கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். "கோப்பில இல்லாட்டி அது இல்ல, தங்கச்சி!" அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் தொடங்கியது. அவருடைய கோப்புகளின் பிரதி என்னிடம், என்னுடையது அவரிடம். மாற்றம் செய்தால் அன்றே அனுப்பிவிடவேண்டும்.

பிறகு அவருடைய மனைவி வசந்தி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் அக்காவுக்கு விளங்கும், ஒரு சொல் திருப்பிச் சொல்ல வராது. என்ன பேச்சுக்காரி தெரியுமா அந்த மனுசி! அண்ணை கொஞ்ச நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது, "அவவுக்கு ஒரு கொம்பியூட்டர் எழுதிக்கொண்டிருக்கன்," என்றார். செய்கிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

அதை அவர்கள் வீட்டில் பார்த்தேன். மேசையில் ஒரு லப்டொப். ஒவ்வொரு விசையிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. அக்கா இடது கையால் அமத்தினால் அது தமிழில் பேசும். குரல் கொஞ்சம் தகரம். ஆனால் வசனங்கள் அச்சொட்டாக அக்காவினுடையவை. "தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க." "கால் உளையுது." சோற்றுக்கோப்பைப் படம் ஒட்டிய விசையை அமத்தினா: "இஞ்சருங்க, அந்தக் கொம்பியூட்டர மூடிப்போட்டுச் சாப்பிட வாங்க!" அறைக்குள்ளிருந்து அண்ணை, "ஓம், வாறன்," என்றார். வரவில்லை. அக்கா திரும்பவும் அமத்தினா. தனக்குத் திட்டு விழுவதற்கான வசனத்தையும் தானே எழுதிவைத்த மனிசனை நான் வேறெங்கும் கண்டதில்லை. "பேச்சு வாங்காட்டி எனக்குச் சோறு இறங்காது," என்றார்.

செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை, வீடு நிறையச் சனம் வந்துபோன நேரத்தில், அந்த லப்டொப்பில் தேநீர் ஊற்றுப்பட்டுவிட்டது. துளசி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அன்ரி, இட்ஸ் டெட். அம்மா சும்மா அதையே அமத்திக்கொண்டிருக்கிறா." என் வீட்டு நிலவறையில் கிடந்த பழைய லப்டொப்பையும் அண்ணையின் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் என்று குறிப்பு எழுதியிருந்தார். "அவவுக்கு வலப்பக்கம் தெரியாது. எல்லாம் இடப்பக்கம் வை." "திரை கறுக்கப்படாது. பயப்படுறா." பழுதான இயந்திரத்துக்கு மட்டும் பொருந்துவதைத் தனிக் கோப்பாகப் பிரித்திருந்தார். அதை மாத்திரம் என் லப்டொப்புக்கு ஏற்றபடி புதிதாக உருவாக்கிக் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வரிகள் ஓடின. ஒருமுறை அணைந்து எழும்பியது. அம்மாடி! இடப்பக்கம் எல்லாம் வந்து நின்றது, அதே பெரிய எழுத்தோடு. என் குப்பை லப்டொப், அக்காவினுடையதாக மாறிவிட்டது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு உடம்பு புல்லரித்தது.

துளசி படங்களைத் திரும்ப ஒட்டினாள். சோற்றுக்கோப்பைப் படம் வந்ததும் தயங்கினாள். "அன்ரி, இந்த லைனை டிலீட் பண்ணுவமா? அப்பா இல்லைத்தானே." நான் பதில் சொல்லமுன்னம் அக்கா இடது கையால் அந்தப் படத்தைப் பறித்து, தானே ஒட்டினா. கொஞ்சம் கோணல். பிறகு அமத்தினா.

"இஞ்சருங்க, அந்தக் கொம்பியூட்டர மூடிப்போட்டுச் சாப்பிட வாங்க!"

அறைக்குள்ளிருந்து சத்தமில்லை. அக்கா அழுதா, நாங்களும் அழுதோம். ஆனால் கூப்பிட்டுவிட்டா. அதைக் கூப்பிட அவவுக்கு ஒரு குரல் இருந்தது.

அந்தக் கோப்புகள் இப்போது என் பொறுப்பு. எழுத்தைப் பெரிதாக்குவேன், புதுப் படங்கள் சேர்ப்பேன். அந்த ஒரு வரியில் மட்டும் கைவைக்கமாட்டேன். இந்த லப்டொப்பும் ஒருநாள் பழுதாகும், இன்னொன்று வாங்குவோம். அதிலும் வசந்தி அக்கா அவரைச் சாப்பிடக் கூப்பிடுவா.