தார்ப்பாய் போட்ட கம்ப்யூட்டர்

“மேடம், நீங்க பிளேன்லயா போய்க்கிட்டு இருக்கீங்க?”

போன வாரம் என் மருமகள் ஜெனியிடம் போனில் ஒருவர் இப்படிக் கேட்டாராம்.

ஜெனி பிளேனில் போகவில்லை. தூத்துக்குடியில், எங்கள் வீட்டு முன் அறையில்தான் இருந்தாள். பார்சல் வரவில்லை என்று கோபமாக போன் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. கம்பெனி சென்னையில். வேலை வீட்டிலிருந்தே. காதில் ஹெட்போன், எதிரே ஒரு பழைய டெஸ்க்டாப். பிளேன் சத்தம் அதனுடைய ஃபேன்.

கேட்டவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். லைனில் இருந்த சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை திரும்பக் கேட்டுப் பார்ப்பேன். சத்தம் இருந்தா சென்னை ஆபீசுக்கே வந்துடுங்க” என்றாராம்.

மகன் கப்பலில். ஜெனி சென்னைக்குப் போனால் பேத்தியும் கூடப் போவாள். அப்புறம் வீட்டில் நானும் என் மனைவி பிலோமியும்தான்.

“போவாதன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள் பிலோமி.

நான் செருமினேன்.

“ஆமா, இதுக்கும் செருமுங்க. வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?”

எனக்குப் பேச்சு குறைவு. பாதி வயசு கப்பல் இன்ஜின் ரூமில் போனது. அங்கே கத்தினாலும் காதில் விழாது. கையைக் காட்டியே பழகிவிட்டது. அதனால் பேசுவதற்குப் பதில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

இன்ஜின் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மிஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். உள்ளே எது முனகுகிறது என்று தெரியும்.

கம்ப்யூட்டரிலும் வைத்துக் கேட்டேன். ஆச்சரியம்! ஒரு சத்தம் என்று நினைத்தது மூன்றாக இருந்தது. ஒரு இரைச்சல். ஒரு விசில். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உறுமல்... இத்தனை சின்னப் பெட்டிக்குள் இவ்வளவா?

“என்ன மாமா, காய்ச்சல் அடிக்குதா அதுக்கு?” என்றாள் ஜெனி.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கடலோரத்து ஆளுக்கு ஒரு புத்தி உண்டு. உப்புக் காற்றில் எதையும் திறந்து போட மாட்டோம். படகு இன்ஜினா — மூடு. பைக்கா — மூடு. டி.வி.க்கும் உறை. அந்தப் புத்தியில், வலை மூடுகிற நீலத் தார்ப்பாயில் ஒரு துண்டு எடுத்து, முன்னும் பின்னும் சேர்த்து, கம்ப்யூட்டரை இறுக்கிக் கட்டினேன்.

சத்தம் அடங்கியது. ஜெனி போனில் பேசிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கொஞ்ச நேரம்தான். சத்தம் மெல்ல ஏறியது. முன்பைவிட ஏறியது. தார்ப்பாயே நடுங்கியது. அப்புறம் ஒரேயடியாக அமைதி. பாதிப் பேச்சில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

“மாமா! இதப் போட்டு ஏன் இப்படிக் கெட்டுனீய?”

தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி சுட்டது.

கம்ப்யூட்டர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தார்ப்பாயா? ஏன் அண்ணாச்சி, மழையிலயா வச்சிருக்கீய?”

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

“உள்ள சூடு ஏற ஏற ஃபேன் வேகமாச் சுத்தும். சூட்டுலதான் அது கத்துது. நீங்க அது மூக்கையும் பொத்திட்டீய” என்றார்.

“அப்போ ஃபேன் நல்லாத்தான் இருக்கா?”

“இங்கன இருந்துகிட்டு எனக்கு எப்படித் தெரியும்? ஒயரப் புடுங்கிட்டு, தொறந்து பாருங்க. கரண்ட் வார பெட்டிய மட்டும் தொறக்காதீய.”

ஒரு சின்ன டியூபில் பேஸ்ட் கொடுத்தார். சூட்டை இழுத்து வெளியே கடத்துகிற பேஸ்டாம்.

திறந்தேன். ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சூடு அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே இடைவெளியே இல்லை. தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுப் புதிதைத் தடவினேன். ஒயரை மாட்டி ஓட விட்டேன். இரைச்சல் போயிருந்தது. பின்பக்கக் கம்பி வலையில் அடைப்பு. அதையும் எடுத்ததும் விசில் போனது.

உறுமல் மட்டும் போகவில்லை.

எங்கிருந்து வருகிறது? பெட்டியைக் கையால் லேசாகத் தூக்கினேன். உறுமல் இல்லை. கீழே வைத்தேன். வந்தது. மறுபடி தூக்கினேன். இல்லை!

கம்ப்யூட்டரை வைத்திருந்தது என் பழைய கப்பல் டிரங்குப் பெட்டிமேல். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் தகரம். கம்ப்யூட்டர் முனகினால் இது மேளம் அடிக்கிறது. இன்ஜினுக்கு அடியில் ரப்பர் வைப்பார்கள். நான் என் ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு நாலு மூலையிலும் வைத்தேன்.

“ஐயோ, புதுச் செருப்புல்லா அது!” என்றாள் பிலோமி.

உறுமல் நின்றது.

சத்தம் போடுகிறவனைக் கண்டால் மூடத்தான் நமக்குக் கை போகிறது. சுடுகிறதா என்று யார் தொட்டுப் பார்க்கிறோம்?

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெனி கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் வெளியே நின்றேன். ஃபேன் மறுபடி கத்தினால் என்ன செய்வது? உள்ளே போகவும் முடியாது. செருப்பில்லாத காலோடு நின்றேன்.

கதவு திறந்தது.

“சூப்பர்வைசர் ஓகே சொல்லிட்டாரு மாமா. ஃபேன் சத்தமே இல்லையாம். வீட்டுல இருந்தே பாருங்கன்னுட்டாரு.”

நான் தலையாட்டினேன்.

“ஆனா கதவுகிட்ட யாரோ செருமிக்கிட்டே இருக்காங்களேன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க மாமா. நான் போயிருவேனோன்னு பயந்துகிட்டு நிக்காங்கன்னு சொன்னேன்.”

அடுப்படியில் பிலோமி சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் செருமினேன். எனக்குள் செருமுகிற அந்த மிஷினை மட்டும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.