தேத்தண்ணிச் சந்தி

கனடாவின் மொன்றியலில் எங்கள் பக்கத்து வீதிகளில் பாதிக்குப் புனிதர்களின் பெயர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற எங்களுக்கே அந்தப் பிரெஞ்சுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பனியில் விழுந்தெழும்பிய இறக்கம் ‘வழுக்கல்’. கடிநாய் இருந்த மூலை, நாய் செத்துப் பல வருடமாகியும், ‘நாய் மூலை’. டெப்பனர் என்கிற மூலைக்கடைக்கு எதிரே இருப்பது ‘தேத்தண்ணிச் சந்தி’.

அந்தப் பெயர் என் அண்ணையால் வந்தது. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்கும் வேலைக்கு எங்கள் ஆட்களை ஏற்றிப்போகும் வான் விடியற்காலையில் அங்கேதான் வரும். வான் எப்போதும் பிந்தும். அண்ணை பெரிய பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோய், குளிரில் நிற்கிற எல்லாருக்கும் கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார். வேலையை விட்ட பிறகும் அதற்காகவே போனார். எனக்கு மானம் போனது. றோட்டில் நின்று ஊற்ற நீங்கள் என்ன தண்ணீர்ப்பந்தலா வைத்திருக்கிறீர்கள் என்று சண்டை பிடித்திருக்கிறேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒருமுறை கோயில் மலருக்கு இந்தப் பெயர்களைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். வழுக்கலையும் நாயையும் உள்ளபடி எழுதினேன். அப்போது மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே கோயில்தான். தேத்தண்ணிச் சந்தியில் முன்பு ஒரு தேநீர்க்கடை இருந்தது என்று எழுதிவிட்டேன். அந்தக் கலியாணமும் சரிவரவில்லை.

மலர் வந்ததும் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்லாய் எழுதியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து சந்திக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. இரண்டு குளிர்காலம் கழித்து இறந்துபோனார்.

போன மாதம் அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண், எங்கள் கோயிலுக்கு வருகிறவள், இங்கே முன்பு பெரிய டீக்கடை இருந்ததாம் என்று தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“கடை ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை. என்ரை அண்ணைதான் இதிலை நிண்டு எல்லாருக்கும் சும்மா ஊத்திக் குடுத்தவர்.”

“இல்ல ஆன்ட்டி, சர்ச் மலர்லயே கடைன்னு போட்டிருக்கே” என்றாள், மரியாதையாகத்தான்.

“அதை எழுதினது நான்தான்.”

“அப்புறம் ஏன் ஆன்ட்டி அப்படி எழுதினீங்க?”

அண்ணை ஒருநாளும் கேட்காத கேள்வி. அவரை நினைத்து வெட்கப்பட்டேன் என்று, அவர் நின்ற இடத்திலேயே நின்று, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லி அழுதேன்.